விருத்தத்துக்கு விழுந்த தாளம்

முன்னொரு காலத்தில், கொசுவும் குடிமக்களும் ஒரே குளத்தங்கரையில் ஒண்டுக்குடித்தனம் நடத்திய காலத்தில், ஒரு நாட்டில் பாட்டுப் பைத்தியம் பிடித்த அரசர் ஒருவர் இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். அவருடைய கொள்ளுப்பேரன்கள் இன்னும் எங்கேயாவது இருந்து தொலைத்தால் வீண் மனஸ்தாபம். பெயர் வசந்தபூபதி. தங்கமானவர். வரி கேட்டு யார் வயிற்றிலும் அடித்ததில்லை. அடித்ததெல்லாம் காதில்தான்.

அந்தி சாய்ந்ததும் அரண்மனைத் தாமரைக் குளத்து மண்டபத்தில் போய் உட்காருவார். தாமே கட்டிய பாட்டைத் தாமே பாடுவார். சபையோர் சுற்றி உட்கார்ந்து கேட்டாக வேண்டும். அந்தி நேரம், அசையாத தண்ணீர், வரிசையாக உட்கார்ந்திருக்கும் கொழுத்த பிரபுக்கள். கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? அழைப்பிதழ் வைக்காத குறைதான்.

முதல் தடவை அரசரை ஒரு கொசு கடித்தபோது, பிரதானி கங்காதரராயர் எழுந்து நின்று ஒரு காரியம் செய்தார். பிரதானி என்றால் மந்திரிகளில் பெரியவர், குழைவதிலும் பெரியவர். "மன்னர் பெருமானே, எங்களை இது தொடுவதே இல்லை. எங்கள் ரத்தம் கழுநீர். தங்கள் ரத்தமோ தேன். பாவம், சிறு பிராணிக்கும் ருசி தெரிந்திருக்கிறது" என்றார். அரசருக்குக் கடியும் இனித்தது. சபையோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ஆட்டியது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. கழுநீர் ரத்தக்காரர்கள் இனிமேல் சொறியலாமா? ஆனால் கை கேட்குமா? தளவாய் விசயமல்லர், பத்துப் போர் கண்டவர், தம்மை மறந்து தொடையில் பட்டென்று ஒன்று வைத்தார். அரசர் பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். தளவாய்க்கு வியர்த்துவிட்டது. சட்டென்று இன்னும் இரண்டு தட்டுத் தட்டி, "தாளம், மன்னவா" என்றார்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மண்டபமே தாளம் போட்டது. தொடையில் பட், முழங்காலில் பட், சில ரசிகர்கள் பிடரியில்கூடத் தாளம் போட்டார்கள். தம்முடைய பாட்டு இவ்வளவு பேரை உலுக்குகிறதே என்று அரசர் கண் கலங்கி இன்னும் உரக்கப் பாடினார். உண்மையை அறிய வேண்டுமானால் அரண்மனைக்கு வெளுத்துக் கொடுக்கும் பெண்களைக் கேட்டிருக்க வேண்டும். சபையோர் வேட்டிகளில் தொடைப் பக்கம் மட்டும் பொட்டுப் பொட்டாகக் கறை. ஊர் முழுக்கத் தெரியும். அரசருக்கு மட்டும் தெரியாது. அதற்குத்தானே அரசர் என்று ஒருவர்.

இந்தப் பிரபுக்கள் காலையில் செய்யும் கூத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். அந்த நாட்டு வழக்கம், சபை கூடும்போது எல்லாரும் அரசருடைய வாளைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். 'மன்னர் மேனியில் ஒரு துளி ரத்தம் குறையுமுன் எங்கள் உடம்பின் கடைசித் துளியையும் கொடுப்போம்' என்று. பிரதானியின் குரல்தான் உச்சம். வெளியே வீதியில் மாடு மிரளும்.

இந்தச் சபையில் விகடம் செய்து பிழைத்தவன் தொப்பளான். மூத்த மகாராசா காலத்தில் குளத்தின் தென்கரையில் ஒரு வீடு அவனுக்குக் கிடைத்திருந்தது. நல்ல காற்று வரும் வீடு. மாலைக் கச்சேரியில் தூணுக்குப் பின்னால் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்காருவான். கேட்டால் குளிர்காய்ச்சல் என்பான். ஆண்டு முழுவதும் குளிர்காய்ச்சல் வரும் ஒரே ஆள் அவன்தான். கடிபட்டுக்கொண்டே தாளம் போட்ட பிரதானிக்கு அந்தக் கம்பளியைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த வீட்டைப் பார்த்தால் இன்னும் எரிந்தது. காரணம், அவருக்கு ஒரு வீட்டோடு மாப்பிள்ளை. வந்து ஏழெட்டு ஆண்டாகியும் தாம்பூலம் போட்ட வாயை மூடவில்லை. அவனை எங்கேயாவது தனிக்குடித்தனம் வையுங்கள் என்று பிரதானியின் மனைவி அவரை உறங்கவிடவில்லை.

அப்படியிருக்கையில் அந்த விபத்து நடந்தது. அரசர் ஒரு நாள் மேல் ஸ்தாயியில் 'ஆ' என்று நீட்டி வாயைத் திறந்தார். கொசு ஒன்று உள்ளே போய்விட்டது. அரசர் இருமினார், புரையேறினார், கண் பிதுங்கினார். புதுச் சங்கதி என்று நினைத்துச் சபையோர் "பலே" என்றார்கள். அரசர் மூச்சைப் பிடித்து நிமிர்வதற்குள் இன்னொன்று வந்து மூக்கு நுனியில் கடித்தது. மறுநாள் காலை அந்த மூக்கு, அரசருக்கு முன்னால் சபைக்குள் நுழைந்தது.

"என் நாட்டில் பூச்சி கடிக்காத இடம் ஒன்றுகூடவா இல்லை?" என்றார் அரசர். குரல் மூக்கில் வந்தது.

பிரதானி காத்திருந்தவர் போல் எழுந்தார். "இல்லாமல் போகுமா, மன்னவா? தேடத்தான் ஆள் வேண்டும். தொப்பளார் ஊர் சுற்றுவதில் வல்லவர். அவரைப் பணிக்கலாம். கண்டுபிடித்தால் அவருக்குப் பெருமை. முடியவில்லை என்றால், இத்தனை நாள் உண்ட சோற்றுக்குப் பயனில்லாதவர் என்றாகிறது. குளத்தங்கரை வீட்டை ஒப்படைத்துவிட்டு நாட்டின் எல்லையைத் தாண்டிப் போகட்டும்."

வேறொரு நாளாக இருந்தால் அரசர் சிரித்துத் தள்ளியிருப்பார். மூக்கு விண்விண்ணென்று தெறிக்கும்போது யாருக்குச் சிரிப்பு வரும்? "தொப்பளா, என் நாட்டுக்குள் ஓர் இடம். அங்கே நான் ஒரு பாட்டைத் தொடங்கி முடிக்க வேண்டும். என்மேல் ஒரு கடி விழக்கூடாது. பௌர்ணமிக்குள் ஏற்பாடு செய். இல்லையேல் பிரதானி சொன்னதுதான்" என்றார்.

தொப்பளான் வீட்டுக்கு வந்து சங்கதியைச் சொன்னான். அவன் மனைவி அஞ்சுகம் அப்போது மயிலைப் பசுவை ஜன்னலோரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நாட்டை விட்டுப் போறதுன்னா மயிலையை யாரு ஓட்டிக்கிட்டு வர்றது? நீங்களா? அது உங்க பேச்சை எப்பக் கேட்டிருக்கு?" என்றாள் அஞ்சுகம்.

"நீ கேட்டிருக்கியா, அது கேக்குறதுக்கு" என்று சொல்லிவிட்டு, கட்டுச்சோற்றை வாங்கிக்கொண்டு தொப்பளான் கிளம்பினான்.

முதலில் ஆற்றுப் பாசனச் சீமைக்குப் போனான். வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் கொசு. அந்த ஊர்க்காரர்கள் மாலையானால் வேப்பிலையும் நொச்சித்தழையும் போட்டு வீட்டுக்கு வீடு புகைமூட்டம் போடுகிறார்கள். அவன் தங்கிய வீட்டில் அன்றைக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கண்ணீர் வழிய வழியப் பெண் இருந்த திக்கைப் பார்த்தார்கள். புகைக்குள் ஒரு சேலை தெரிந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார்கள். அந்த ஊரில் கல்யாணங்கள் தட்டுவதே இல்லையாம்.

"கொசு என்னங்க கொசு, ஊதுனா போயிடும்" என்றார் வீட்டுக்காரர். "மலைப்பக்கம் அட்டை இருக்காமே, கால்ல ஏறி ஒட்டிக்குமாம். அங்கல்லாம் மனுசன் குடியிருப்பானா?"

மலைக்குப் போனான். மழை நாளில் அங்கே பாதை முழுக்க அட்டை நெளிந்தது. அட்டை பூச்சிதானா என்று புலவர்கள் வாதம் செய்யலாம். காலில் தொங்குகிறபோது அந்த ஐயம் வருவதில்லை. ஒரு வீட்டுக்காரி அவனை உட்காரவைத்து, புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்து முழங்கால் வரைக்கும் பூசினாள். "அட்டை மரியாதை தெரிஞ்சது சாமி" என்றாள். "சத்தமில்லாம வரும். வயிறு ரொம்புனா உருண்டு போயிரும். உங்க ஊர்க் கொசு காதுக்கிட்ட பாடிட்டுல்ல கடிக்குமாம்? பாட்டையும் கேட்டு கடியையும் வாங்கணுமா? என்ன பாவம் செஞ்சீங்களோ."

தொப்பளான் மண்டபத்தை நினைத்துக்கொண்டான். எங்களுக்கு அது பழகிவிட்டது என்று மட்டும் சொன்னான்.

கடற்கரையில் கண்ணுக்கே தெரியாத மணல் பூச்சி. காற்று வீசினால் ஒன்றுமில்லை. காற்று நின்றால் ஊரே ஆடத் தொடங்கிவிடுகிறது. வேப்பெண்ணெயை மேலெல்லாம் தடவிக்கொண்டு, பார்க்கவே முடியாததை எண்ணி என்னத்துக்குக் கவலை என்று சிரிக்கிறார்கள். வறண்ட காட்டுச் சீமையை நினைத்துத்தான் அவர்களுக்கு இரக்கம். படுக்கிற கட்டிலுக்குள்ளேயே மூட்டைப்பூச்சி என்றால் எப்படி என்று. அந்த வறண்ட சீமைக்கும் போனான். அங்கே கட்டில்களை வெயிலில் போட்டு உலக்கையால் மொத்திக்கொண்டிருந்தார்கள். எறும்பு ஏறாதிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தார்கள். மூட்டைப்பூச்சி சொந்தபந்தம் மாதிரி, கடித்தாலும் வீட்டை விட்டுப் போகாது என்று பெருமையாகச் சொன்னார்கள்.

ஆக, கடி இல்லாத ஊர் நாட்டில் இல்லை. அடுத்த ஊர்க் கடியை வாங்கிக்கொண்டு தன் ஊர்க் கடியைக் கொடுக்கச் சம்மதிக்கும் ஆளும் இல்லை.

பௌர்ணமிக்கு முதல்நாள் மாலை வீடு திரும்பினான். உடம்பே நாட்டுப்படம் போலிருந்தது. கழுத்தில் ஆற்றுச்சீமை, காலில் மலை, கையில் கடற்கரை. வறண்ட சீமை எங்கே என்று அஞ்சுகம் கேட்டதற்கு, உட்கார முடியவில்லை என்றான். ஜன்னலோரம் சுவரில் சாய்ந்து நின்றபடியே சோறு தின்றான். பாதி தின்றபோதுதான் உறைத்தது, குளத்தங்கரையில் விளக்கு வைக்கும் நேரத்தில் இவ்வளவு நாழி நின்றும் ஒரு கொசுகூட அவனை அண்டவில்லை.

"அது எப்படி அண்டும்? மயிலை நிக்கிறாள்ல" என்றாள் அஞ்சுகம். "அம்மாம் பெரிய இலையில சாப்பாடு போட்டிருக்கையில உங்க எலும்பைத் தேடி எவ வருவா? விருந்தாளியைப் போ போன்னா போவானா? பக்கத்து இலையைக் காட்டணும். நாடெல்லாம் சுத்துனீங்களே, நம்ம மாட்டை ஒரு நாள் பார்த்தீங்களா?"

தொப்பளான் சோற்றுக் கையோடு போய்ப் பசுவைக் கும்பிட்டான். பசு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் காலை சபையில் சத்தியம் முடியும்வரை காத்திருந்தான். கடைசித் துளி என்று பிரதானி கத்தி முடித்ததும் எழுந்து, "மகாராசா, இடம் கிடைத்துவிட்டது. தாமரைக் குளத்து மண்டபம்தான்" என்றான்.

பிரதானி வாய்விட்டுச் சிரித்தார். மாப்பிள்ளையின் சாமான்களை வண்டியில் ஏற்றச் சொல்லிச் சபையிலிருந்தே ஆள் அனுப்பினார். மனுஷனுக்கு அவ்வளவு அவசரம்.

அன்று மாலை மண்டபத்தின் நடுவில் அரசருக்கு மணை போட்டு, அதன் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினான் தொப்பளான். அரச பாதங்களில் புகையிலையும் சுண்ணாம்பும் பூசினான். கைகளிலும் கழுத்திலும் வேப்பெண்ணெய். பக்கத்தில் நொச்சிப் புகைச் சட்டி. அரசர் பக்கத்தில் அரசியே நெருங்கவில்லை. அப்புறம் சபையோர் பக்கம் திரும்பிக் கும்பிட்டான்.

"பெரியவர்களே, சந்நிதியில் நிற்பதுபோல மேலாடையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். மன்னரைச் சுற்றி நெருக்கமாக உட்காருங்கள். காலையில் வாளைத் தொட்டுச் செய்த சத்தியத்தை மாலையில் கொஞ்சம் நிறைவேற்றிவிடலாம். கடைசித் துளி வேண்டாம். முதல் சில துளிகள் போதும்."

பிரதானிக்குப் பாதி விளங்கியது. மன்னருக்கு முன் மேலாடையை எடுக்க மாட்டேன் என்று எந்தப் பிரபு சொல்வான்? சத்தியம் சும்மா சொன்னது என்றுதான் சொல்ல முடியுமா? "எங்களைத்தான் கொசு தொடாதே" என்று வறண்ட குரலில் சொன்னார்.

"ஆமாம், கழுநீர் என்று கேள்விப்பட்டேன்" என்றான் தொப்பளான். "அப்படியானால் தங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை." பிறகு அரசரிடம் பணிந்து, "மகாராசா, இன்று தாங்கள் விருத்தம் பாட வேண்டும்" என்றான்.

விருத்தம் தாளமில்லாமல் பாடுவது. இழுத்த இழுப்புக்குப் போகும். அரசருக்கு இழுப்பதென்றால் கேட்க வேண்டுமா? மகிழ்ந்துபோய்த் தொடங்கினார்.

முதல் அடி வரைக்கும் சபை தாக்குப்பிடித்தது. குளத்திலிருந்து கூட்டம் எழுந்து வந்தது. புகையைக் கண்டு ஒதுங்கியது, எண்ணெயை மோந்து விலகியது, திரும்பிப் பார்த்தால் வட்டமாகப் பந்தி. வெற்று முதுகுகள், மடித்து வைத்த தொந்திகள். கருவூலக்காரர் உட்கார்ந்தபடியே நெளிந்தார். தளவாய் பல்லைக் கடித்ததில் ஒரு பல் அசைந்தது. அரசர் கண்ணை மூடி, இரண்டாம் அடியின் முதல் சொல்லையே இன்னும் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

பட்.

அரசர் கண்ணைத் திறந்தார். "யார் அது?"

"தாளம், மன்னவா" என்றார் தளவாய், பழக்க தோஷத்தில்.

"விருத்தத்துக்கு ஏது தாளம்?"

தளவாய் கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். அரசர் மீண்டும் தொடங்கினார். பட், பட், பட்டப்பட். இந்தப் பக்கம் கருவூலக்காரர், அந்தப் பக்கம் பண்டகசாலைக்காரர். அரசர் நிறுத்த, இவர்களும் நிறுத்த முயன்றார்கள், முடியவில்லை. பாட்டே இல்லாமல் தாளம் மட்டும் மண்டபத்தில் நடந்தது. கடைசியில் பிரதானி கங்காதரராயர், நாட்டின் மூத்த மந்திரி, தம் கன்னத்தில் தாமே ஓங்கி ஓர் அறை விட்டார். கையை எடுத்தபோது உள்ளங்கையில் சிவப்பு.

"அது கழுநீர் நிறமாகத் தெரியவில்லையே" என்றார் அரசர்.

பிரதானியால் அதற்குமேல் முடியவில்லை. தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கக்கிவிட்டார். கழுநீரும் பொய், தேனும் பொய், கடிக்கிறது, என்றைக்கும் கடித்தது, எல்லாரையும் கடித்தது.

கொசுவின் ரீங்காரம் மட்டும் கேட்டது. அரசர் மெள்ள, மிக மெள்ளக் கேட்டார்: "அப்படியானால், இத்தனை நாளும் நீங்கள் போட்ட தாளம்?"

தொப்பளான் மனத்துக்குள் கணக்குப் போட்டான். அரசர் மேல் ஒரு கடிகூட இல்லை. ஆனால் இதைவிடப் பெரிய கடி உண்டா? இந்த மனிதர் இப்போது அழுதாலும் வீடு போயிற்று, சீறினாலும் வீடு போயிற்று. அரசர் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொப்பளா, நீயாவது உண்மையைச் சொல். என் பாட்டைக் கேட்க விரும்பி வந்தவர் ஒருவராவது உண்டா?"

"உண்டு, மகாராசா. கொசு. இந்த மண்டபத்துக்கு அழைக்காமல் வந்தது அது ஒன்றுதான். ஒரு நாளும் பாதியில் எழுந்து போனதில்லை. கூடவே பாடவும் பாடியது. சுருதி விலகியதாக நான் கேட்டதில்லை."

அரசர் அவனையே பார்த்தார். பிறகு கன்னத்தில் ஐந்து விரல் பதிந்து நின்ற பிரதானியைப் பார்த்தார். இடுப்பில் மேலாடையும் முதுகில் தடிப்புமாகச் சுற்றி உட்கார்ந்திருந்த தம் மாபெரும் சபையைப் பார்த்தார். உதடு முதலில் துடித்தது. அப்புறம் தொந்தி. அப்புறம் மணையே ஆடி, கிண்ணத்துத் தண்ணீர் தளும்பியது. அரசர் சிரித்த சிரிப்பில் குளத்துத் தவளைகள் வாயடைத்துப் போயின. வாய் திறந்தே இருந்தும் அன்று ஒரு கொசுவும் உள்ளே போகவில்லை. வேப்பெண்ணெய் வாசம் அப்படி.

தம் கழுத்து முத்து மாலையைக் கழற்றித் தொப்பளானுக்குப் போட்டார். குளத்தங்கரை வீடு பரம்பரைக்கும் அவனுக்கே என்றார். பிரதானி ஆள் அனுப்பி, பாதி வழியில் நின்ற சாமான் வண்டியைத் திருப்பச் சொன்னார். வண்டியின் மேலேயே மாப்பிள்ளை வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தானாம். அடுத்த நாளிலிருந்து சபையில் சத்தியத்தின் வாசகமும் மாறியது. இப்போது கடைசித் துளியெல்லாம் இல்லை. 'எங்கள் ஆலோசனையைக் கொடுப்போம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்களாம். குரலும் பாதிதான்.

இத்தோடு தொப்பளான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கழுத்தில் முத்து விழுந்ததும் புத்தி கொஞ்சம் சறுக்கும் போலிருக்கிறது. இந்த யுக்தி எங்கே கிடைத்தது என்று அரசர் கேட்க, எங்கள் வீட்டு மயிலைப் பசுவிடம், அதன் பக்கத்தில் நின்றால் கடியே கிடையாது என்று பெருமையாகச் சொல்லிவிட்டான்.

அரசர் முகம் மலர்ந்தது. "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? இனிமேல் தினமும் மாலையில் உன் வீட்டிலேயே பாடுகிறேன்."

சொன்னபடி வந்தார். இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். ஜன்னலோரம் மணை, ஜன்னலுக்கு வெளியே மயிலை. முதல் நாள் அரசர் எடுத்த எடுப்பில் உச்சிக்குப் போக, மயிலை இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு என்று விடாமல் வாலைச் சுழற்றியது. அரசர் பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பார்த்தாயா தொப்பளா. வாயில்லா ஜீவன். இதற்கு என்னிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் தாளம் போடுகிறது."

தொப்பளான் அஞ்சுகத்தைப் பார்த்தான். அஞ்சுகம் வீட்டின் உத்தரத்தைப் பார்த்தாள். நல்ல வீடு, நல்ல காற்று.

"ஆமாம் மகாராசா, அதற்கு ஞானம் அதிகம்" என்று சொல்லிவிட்டு, தொப்பளான் பழைய கம்பளியைத் தேடி எடுத்துக் காதோடு போர்த்திக்கொண்டான்.